பேர் போடாதே என்ற அண்ணனுக்கு நன்றி

பேர் போட்டால் கோபித்துக்கொள்வார், அதனால் பாலக்கோடு பக்கம் இருக்கும் ஒரு அண்ணன் என்று மட்டும் சொல்கிறேன். முழுநேர சபை ஊழியத்துக்கு தேவனுடைய அழைப்பு இருக்கிறது, வேலையை விடப்போகிறேன் என்று நான் சொன்னபோது எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள், அவர் மட்டும் "சரி தம்பி, வீட்டுல என்ன சொல்றாங்க, கடன் எவ்வளவு இருக்கு?" என்று கேட்டார். சுருக்கென்றது. வேதாகமத்தில் லூக்கா 14:28-ஐத் திறந்து, கோபுரம் கட்டப்போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவுக் கணக்குப் பார்க்கிற வசனத்தை என்னையே வாசிக்கச் சொல்லிவிட்டு, ஒரு பழைய நோட்டில் வாடகை, அப்பாவின் மாத்திரை, தங்கச்சி காலேஜ் ஃபீஸ் எல்லாவற்றையும் எழுத வைத்தார். அப்போஸ்தலன் பவுலே கொரிந்து பட்டணத்தில் கூடாரம் செய்து பிழைத்தவர்தான், வேலை பார்ப்பது ஒன்றும் விசுவாசக் குறைவு இல்லை என்றார். அப்புறம் பிரசங்கம் பண்ண மேடையே தரவில்லை. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளையும், தர்மபுரி அரசு ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களைப் பார்த்து ஜெபிக்கிற வேலையையும்தான் தந்தார். பிரசங்கம் எப்படி வருகிறது என்பதைவிட 1 தீமோத்தேயு 3 சொல்கிறபடி வீட்டிலும் வெளியிலும் நல்ல பேர் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார், என் அம்மாவிடமே விசாரித்திருக்கிறார்! ஜூனில் வேதாகமக் கல்லூரிக்குப் போகிறேன், சபையே ஜெபித்து அனுப்புகிறது. நோட்டில் இருந்த கடனும் அடைந்துவிட்டது. ரொம்ப நன்றி அண்ணா.