சிவப்புக் கோடு விழாத பிழைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலைவாய்ப்புப் பக்கத்தைப் புரட்டினால் ஆங்கிலம் பேசக் கற்றுத்தரும் விளம்பரங்களுக்குக் குறைவில்லை. பேசட்டும், நல்லதுதான். ஆனால் படிப்பை முடித்து வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் வருஷம் விழுவது பெரும்பாலும் எழுத்து வேலை: மெயில், கொட்டேஷன், மீட்டிங் மினிட்ஸ், சர்வீஸ் ரிப்போர்ட். பேச்சில் தடுமாறினால் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொள்வார். எழுதியது ஃபைலில் ஏறிவிடும். அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

ஸ்பெல்லிங் தப்பைப் பற்றி நான் பேச வரவில்லை. அதற்குக் கம்ப்யூட்டரே சிவப்புக் கோடு போட்டுவிடும். தொல்லை எல்லாம், தப்பான இடத்தில் சரியான ஸ்பெல்லிங்கோடு வந்து உட்காரும் சொற்களால்தான். 'த செக் இஸ் நவ் கிளியர்டு' என்று எழுதும்போது 'நவ்'வின் கடைசி எழுத்து டபிள்யூவுக்குப் பதில் டி ஆகிவிட்டால், பாஸான செக் பாஸாகாத செக் ஆகிவிடும். 'மேனேஜர்' நடுவில் ஒரு ஏ விடுபட்டால் அது மாட்டுக்குத் தீவனம் வைக்கும் தொட்டி. 'பப்ளிக்'கில் எல் விடுபட்டால் என்ன ஆகும் என்பதைப் பத்திரிகையில் எழுத முடியாது. பொது அறிவிப்பு அனுப்பும் அலுவலகங்கள் தாங்களே அகராதியைப் பார்த்துக்கொள்ளலாம்.

இதற்கு வேர்டிலேயே ஒரு வழி இருக்கிறது, அதிகம் பேருக்குத் தெரியாது. 'எக்ஸ்க்ளூஷன் டிக்‌ஷனரி' என்ற ஃபைல், விண்டோஸில் 'யூப்ரூஃப்' ஃபோல்டருக்குள் இருக்கும். நோட்பேடில் திறந்து, வரிக்கு ஒரு சொல்லாக அந்தத் தீவனத் தொட்டியையும் மற்றதையும் எழுதி சேவ் செய்து, வேர்டை மூடித் திறந்தால் போதும். அகராதியில் இருக்கிற சொல்லானாலும் இனி கோடு விழும். ஆங்கிலத்தின் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி ஃபைல் உண்டு. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் டைப் செய்துகொண்டு அமெரிக்க ஃபைலில் சேர்த்தால் ஒன்றும் நடக்காது. 'நவ்', 'நாட்' போன்ற அன்றாடச் சொற்களை இதில் போட முடியாது. பக்கம் முழுக்கச் சிவந்துவிடும். அவற்றைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

ஓரெழுத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்பவர்களுக்குப் பிரிட்டனில் நடந்த ஒன்றைச் சொல்லலாம். 2009இல் அங்குள்ள நிறுவனப் பதிவகம், 'டெய்லர் அண்ட் சன்' என்ற கம்பெனி கலைக்கப்பட்ட செய்தியை, கார்டிஃபில் இருந்த 'டெய்லர் அண்ட் சன்ஸ்' பெயரில் பதிந்துவிட்டது. கூடியது ஒரே ஒரு எஸ். சில நாளிலேயே திருத்தினார்கள். அதற்குள் கடன் கொடுத்தவர்களும் சரக்கு தந்தவர்களும் விலகிக்கொண்டதால் நூறாண்டுக்கும் மேற்பட்ட அந்த நிறுவனம் படுத்துவிட்டது. பதிவகமே பொறுப்பு என்று லண்டன் உயர் நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது.

நம் பிள்ளைகளுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. ஆங்கிலத்தின் இஸட் ஒலி தமிழில் இல்லை. அதனால் 'இழப்பது', 'தளர்வானது' இரண்டும் நம் வாயில் 'லூஸ்'தான். விலையும் பரிசும் 'ப்ரைஸ்'தான். அறிவுரையும் அறிவுறுத்துவதும் 'அட்வைஸ்'தான். காதுக்கு ஒன்றாகக் கேட்பதைக் கை எப்படி வேறுபடுத்தி எழுதும்? ஆர்டர் கைவிட்டுப் போகும் என்று எழுத வேண்டிய இடத்தில் இரண்டு ஓ போட்டு, ஆர்டர் தொளதொளவென்று இருப்பதாக மெயில் போகிறது.

ஆங்கிலப் புத்தகங்களின் ஞாபகக் குறிப்புகள் ஆங்கிலக் காதுக்காக எழுதியவை. நமக்குத் தமிழே கை கொடுக்கும். காகிதம், பேனா என்றால் எழுதுபொருள். முதல் ஒலி எ, ஆகவே அந்த 'ஸ்டேஷனரி' முடிவில் இ-ஆர்-ஒய். அசையாமல் நிற்பது என்றால் அ. அதன் முடிவில் ஏ-ஆர்-ஒய். கடனின் அசல், கல்லூரியின் தலைமை ஆள் இரண்டுமே 'பிரின்சிபல்', இரண்டுக்கும் ஏ-எல். கொள்கைக்கு மட்டும் எல்-இ. 'அட்வைஸ்' பெயர்ச்சொல்லானால் சி, வினையானால் எஸ். 'ப்ராக்டிஸ்', 'லைசென்ஸ்' இரண்டுக்கும் இதே விதிதான், ஆனால் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் மட்டும். அமெரிக்கர்கள் முன்னதற்கு எப்போதும் சி, பின்னதற்கு எப்போதும் எஸ் போடுவார்கள். வேர்டில் ரிவ்யூ, லாங்குவேஜ் போய் எந்த நாட்டு ஆங்கிலம் என்று முதலிலேயே குறித்துவிட்டால் பாதித் தலைவலி தீரும்.

வாடகை ஒப்பந்தத்தில் இடம் மாறினால் வம்புதான். ஓ-ஆர் முடிவு கொடுப்பவர், இரட்டை இ முடிவு பெறுபவர். வீட்டுக்காரர் 'லெஸ்ஸர்', குடியிருப்பவர் 'லெஸ்ஸீ'. அடமானத்தில் இது தலைகீழாகத் தெரியும். பணம் கொடுப்பது வங்கி, அப்படியானால் வங்கிதானே 'மார்ட்கேஜர்' என்று நினைத்துவிடுகிறார்கள். அடமானத்தைக் கொடுப்பவர் கடன் வாங்குபவர். ஆக அவர்தான் 'மார்ட்கேஜர்', வங்கி 'மார்ட்கேஜீ'. 'அக்செப்ட்' எழுத வேண்டிய இடத்தில் 'எக்செப்ட்' எழுதினால் 7ஆம் ஷரத்தை ஏற்றவர் அதை விலக்கியவர் ஆகிவிடுவார்.

தேதியில் தமிழ் தெளிவாக இருக்கிறது: வெள்ளிக்குள் என்றால் 'பை', வெள்ளி வரை என்றால் 'டில்'. இதை மாற்றி எழுதி, 'லிங்க் வெள்ளி வரை திறந்திருக்கும்' என்பது 'வெள்ளிக்குள் திறக்கப்படும்' என்று போய்ச் சேர, விண்ணப்பிப்பவர்கள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறார்கள். ஏஐ எழுதித் தருகிறதே என்பார்கள். நாம் 'பை' என்று கொடுத்தால் அதையே இன்னும் அழகாக்கித் தரும். மனதில் இருந்தது 'வரை' என்று அதற்கு எப்படித் தெரியும்? 03/04/2025 என்பது நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4. மாதத்தை எழுத்தில் எழுதி, மணியையும் 'இந்திய நேரம்' என்பதையும் சேர்ப்பதே உத்தமம்.

வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு எழுதும்போது இன்னும் இரண்டு சொற்களில் கவனம் வேண்டும். நமக்கு விளக்கம் கேட்பதும் சந்தேகம், நம்பாததும் சந்தேகம். 'உங்கள் இன்வாய்ஸில் எனக்கு டவுட்' என்று எழுதினால் அவர் படிப்பது, பில்லில் ஏதோ தில்லுமுல்லு என்று. 'கொஸ்டின்' என்று எழுதலாம். 'ப்ளீஸ் ரிவர்ட்' இந்திய அலுவலகங்களில் 'பதில் அனுப்பவும்'. மற்ற இடங்களில் 'பழைய நிலைக்கே மாற்று'. சாஃப்ட்வேர் குழுவுக்கு இப்படி எழுதினால், செய்த மாற்றத்தை ஒருவர் பொறுப்பாக நீக்கிவைத்துவிடக்கூடும்.

இவ்வளவு பார்த்தும் பிழை கண்ணில் படுவது 'சென்ட்' அழுத்திய மறுநொடிதான். ஜிமெயில் செட்டிங்ஸில் 'அன்டூ சென்ட்' நேரத்தை 30 விநாடி வரை கூட்டலாம். விண்டோஸின் பழைய (கிளாசிக்) அவுட்லுக்கில் ஒரு ரூல் போட்டு, எல்லா மெயிலும் இரண்டு நிமிஷம் தாமதித்துப் போகும்படி வைக்கலாம். ரூல் 120 நிமிஷம் வரை அனுமதிக்கும்.

தங்கள் மாணவர் பகுதியில் வாரம் ஒரு சொல் ஜோடிக்கு நாலு வரி இடம் ஒதுக்கினால் போதும். 'ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது' என்று தொடங்காமல், 'தமிழில் இதை எப்படிச் சொல்வீர்கள்' என்று தொடங்கும் பகுதியாக அது இருக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இப்படிக்கு,
அலுவலக ஆங்கிலப் பயிற்றுநர் ஒருவர்,
கோயம்புத்தூர்