பள்ளிப் பெண் பிள்ளைகளுக்கும் பிரஷர் பார்க்க ஏற்பாடு செய்யக் கோரி மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், கிருஷ்ணகிரி.
அனுப்புநர்: ஒரு மாணவியின் தாய், காவேரிப்பட்டணம் ஒன்றியம்.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்கு வாரா வாரம் சத்து மாத்திரை கொடுக்கிறார்கள், ரத்தம் கம்மியாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், நல்லது. பிரஷர் மட்டும் பார்ப்பதில்லை. ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பிள்ளைக்கு ஏது பிரஷர் என்றுதான் ஊரில் கேட்கிறார்கள். என் மகளுக்கு வயது 15, கொஞ்சம் எடை கூடிய உடம்பு. பல் பிடுங்கப் போன இடத்தில் பார்த்தபோது 138/88 இருந்தது. 13 வயதுக்கு மேல் 120/80க்குக் கீழே இருக்க வேண்டும், 130/80 தொட்டாலே உயர் ரத்த அழுத்தக் கணக்கு, ஆனால் ஒரு தடவை பார்த்து முடிவு செய்யக் கூடாது, வேறு வேறு நாளில் மூன்று முறையாவது பாருங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

சரி, எங்கே போய்ப் பார்ப்பது? மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. எங்கள் வீட்டுக்கும் அந்தத் திட்டத்தில் வேலை செய்கிற அக்கா வந்து மாமியாருக்குப் பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். மகளுக்கும் பாருங்களேன் என்றால், "இந்த வயசு எங்க லிஸ்ட்ல வராதுங்க" என்கிறார். அவர் மேல் தப்பில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் காலையில் போனால் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் போச்சு, எனக்கு அன்றைய கூலி போச்சு.

18 வயது வரையான பிள்ளைகளைப் பரிசோதிக்க ஆர்.பி.எஸ்.கே. என்கிற சிறுவர் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு பள்ளிகளுக்கு வருகிறது. உயரம், எடை எடுக்கிற அதே நாளில் பிரஷரும் பார்க்கச் சொல்லி உத்தரவிட வேண்டும் என்பதுதான் என் முக்கியமான கோரிக்கை. அதற்குக் கையில் சுற்றுகிற பட்டை இரண்டு மூன்று அளவுகளில் வேண்டும் ஐயா, ஏனென்றால் பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் இல்லாத பிரஷரைக் காட்டும், ஒல்லியான கைக்குப் பெரிசாகப் போட்டால் இருக்கிற பிரஷரைக் குறைத்துக் காட்டும். மாடிப்படி ஏறி வந்த மூச்சோடு பார்க்காமல் ஐந்து நிமிஷம் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். எடை கூடியவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது என்றாலும் சிறுநீரகக் கோளாறு இருந்தால் ஒல்லிப் பிள்ளைக்கும் வரும், அதனால் யாரையும் விட்டுவிடக் கூடாது.

அப்புறம், எடையை எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படிக்கக் கூடாது. அந்த ஒரு நாளுக்குப் பயந்தே லீவு போடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், சாப்பாட்டை நிறுத்திப் பட்டினி கிடக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். தனி அறையில் எடுத்து, பெற்றோரிடம் மட்டும் சொன்னால் போதும்.

வயதுக்கு வந்ததிலிருந்து பெண் பிள்ளை தெருவில் ஓடியாட முடியாது, பள்ளியில் பி.டி. பீரியடையும் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொண்டால் அவள் எப்போதுதான் விளையாடுவாள்? தினம் ஒரு மணி நேரமாவது உடம்பு அசைய வேண்டிய வயது இது. பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் உப்பும் கொழுப்பும் சர்க்கரையும் அதிகமுள்ள தின்பண்டங்கள் விற்கக் கூடாது என்று 2020லேயே உணவுப் பாதுகாப்பு விதி வந்துவிட்டது. எங்கள் பக்கம் கேட் எதிரிலேயே பாக்கெட் சிப்ஸ் சரம் சரமாகத் தொங்குகிறது. நாளைக்கு ஐந்து கிராம் உப்புக்கு மேல் பெரியவர்களுக்கே ஆகாது என்கிறார்கள், இவர்கள் இரண்டு பாக்கெட்டோடு நிறுத்துவதில்லை. களியும் கீரையும் தின்று வளர்ந்த மண்ணில் இதைப் பார்க்க வயிறு எரிகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சின்ன வயதிலேயே கல்யாணம் செய்துவைக்கிற வழக்கம் நம் மாவட்டத்தில் இன்னும் முழுசாகப் போகவில்லை என்பது தங்களுக்குத் தெரியும். பிரஷர் இருப்பதே தெரியாமல் அந்தப் பெண் கர்ப்பமானால் வலிப்பு வரைக்கும் போகலாம், தாய்க்கும் குழந்தைக்கும் உயிராபத்து.

ஆகவே வருகிற பள்ளிப் பரிசோதனையிலேயே இதைச் சேர்க்கவும், அதிகம் இருக்கிற பிள்ளைகளை மறுபடி பார்க்க ஆரம்ப சுகாதார நிலையங்களில் வாரம் ஒரு நாள் பள்ளி விட்ட பிறகு நேரம் ஒதுக்கவும், குறையாதவர்களைக் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சீட்டு எழுதி அனுப்பவும் ஆவன செய்யுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தாய்