உறைந்து வந்த ஈஸ்ட் குரோமோசோம் மார்க்கர் பற்றிய புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மா,

சென்ற மாதம் எங்கள் ஆய்வகத்துக்கு உங்களிடம் ஈஸ்ட் குரோமோசோம் மார்க்கர் (டிஎன்ஏவின் நீளத்தை ஒப்பிட்டு அளக்க உதவும், நீளம் தெரிந்த ஈஸ்ட் குரோமோசோம்கள்) ஒரு செட் வாங்கினோம். தெர்மாகோல் பெட்டியைத் திறந்தால் குப்பி ஐஸ் பேக்கோடு ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே அந்தக் குரோமோசோம்களைத் தாங்கிய அகரோஸ் பிளக் (ஜெல்லிக் கட்டி) கல் மாதிரி உறைந்து கிடந்தது. ‘2–8 டிகிரியில் வைக்கவும், உறைய விடக் கூடாது’ என்று உங்கள் லேபிளே சொல்கிறது. அன்றே போட்டோ அனுப்பினேன். ‘பயன்படுத்திப் பாருங்கள், ஒன்றும் ஆகாது’ என்றீர்கள். சரி என்று நம்பினோம்.

மின்புலத்தின் திசையை மாற்றி மாற்றி நீளமான டிஎன்ஏவைப் பிரிக்கும் பல்ஸ்டு ஃபீல்டு ஜெல் அரை மணி நேர வேலை இல்லை. 14 டிகிரியில், மின்புலத்தின் திசையை முதல் 15 மணி நேரம் 60 வினாடிக்கு ஒருமுறையும், அப்புறம் 9 மணி நேரம் 90 வினாடிக்கு ஒருமுறையும் மாற்றி மாற்றி ஓட்டினோம். மறுநாள் சாயம் ஏற்றிப் பார்த்தால் உங்கள் மார்க்கர் ஓடிய லேனில் (ஜெல்லின் தடத்தில்) மேலிருந்து கீழ்வரை ஒரே இழுவல். 230 கிலோபேஸ் (ஒரு கிலோபேஸ் என்பது ஆயிரம் டிஎன்ஏ எழுத்து) உள்ள முதல் குரோமோசோமிலிருந்து 1,500-ஐத் தாண்டும் நான்காவது வரை வரிசையாக நிற்க வேண்டிய பட்டைகளில் ஒன்றைக்கூடக் காணோம்.

ஜெல் ஓட்டிய விதம் தவறு என்று இப்போது எழுதியிருக்கிறீர்கள். அதே ஜெல்லில் பக்கத்து லேனில் ஓடிய லாம்டா லேடர் (லாம்டா வைரஸின் டிஎன்ஏவைக் கோத்துச் செய்த இன்னோர் அளவுகோல்) 48.5 கிலோபேஸ் இடைவெளியில் படிப்படியாகப் பிரிந்திருக்கிறது. எங்கள் ஈஸ்ட் பிளக்கின் பட்டைகளும் தெளிவு. பஃபர் கரைசலோ மின்சாரமோ கெட்டிருந்தால் மூன்றும் அல்லவா கெட்டிருக்க வேண்டும்? இரண்டாம் முறை ஓட்டியபோதும் இதே கதைதான்.

இவ்வளவு நீளமான டிஎன்ஏ, பைப்பெட்டில் உறிஞ்சினாலே அறுந்துவிடும். அதனால்தான் செல்லை அகரோஸில் புதைத்து உள்ளேயே உடைக்கிறோம். உறைந்தால் பனிப்படிகங்கள் அந்த அகரோஸையும் குலைத்து இழையையும் அறுக்கும். இது உங்களுக்குத் தெரியாததா? லேபிள் அச்சடித்ததே நீங்கள்தானே.

லாம்டா லேடரை வைத்துச் சமாளிக்கவும் வழியில்லை, ஆயிரம் கிலோபேஸை நெருங்கும்போதே அது மங்கிவிடுகிறது. எங்கள் ஈஸ்ட் பழத்தோலிலிருந்து பிரித்த காட்டு ரகம். அதிலும் பன்னிரண்டாவது குரோமோசோமில் ரைபோசோம் ஆர்என்ஏ மரபணுக்கள் சுமார் 9 கிலோபேஸ் அலகுகளாக நூறு தடவைக்கு மேல் அடுக்கியிருக்கும், ரகத்துக்கு ரகம் எண்ணிக்கை மாறும். அதன் நீளத்தைப் பட்டியலைப் பார்த்து எழுதிவிட முடியாது, அளந்தே ஆக வேண்டும்.

ஆகவே 15 நாளுக்குள் புது செட் அனுப்புங்கள். ஐஸ் பேக்குக்கும் குப்பிக்கும் நடுவில் ஓர் அட்டையாவது வையுங்கள். ஜெல் படங்கள் இரண்டும், பெட்டியைத் திறந்தபோது எடுத்த போட்டோவும் இணைப்பில் உள்ளன. உங்கள் பில் இன்னும் எங்கள் கணக்குப் பிரிவில்தான் இருக்கிறது. நல்ல மார்க்கர் வராமல் அதில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

இப்படிக்கு,
ஆய்வகப் பொறுப்பாளர்