பி.எட். கணிதப் பேராசிரியர்களுக்கு: பார்க்கக் கற்றுக்கொடுத்துவிட்டு அனுப்புங்கள்

தமிழ்நாட்டுக் கல்வியியல் கல்லூரிகளில் கணிதம் கற்பித்தல் தாள் எடுக்கும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். நான் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். கற்பித்தல் பயிற்சிக்கு வரும் உங்கள் மாணவர்கள் என் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து உற்றுநோக்கல் பதிவேடு எழுதுகிறார்கள், அதில் கையெழுத்துப் போடுவது நான்தான். ஒவ்வொரு வருடமும் ஒரே வரிகள். கரும்பலகையை நன்கு பயன்படுத்தினார், மாணவர்கள் ஆர்வமாகக் கவனித்தனர், வகுப்புக் கட்டுப்பாடு நன்று. அன்று நடந்த கணக்கைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை.

போன வருடம் தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் அனுமதி வாங்கி, ஆறாம் வகுப்பில் கைபேசியை வைத்துப் பதிவு செய்தேன். ஒரு பையன் 63-இல் 28 போனால் 45 என்று எழுதியிருந்தான். எப்படிடா என்று கேட்டால், "எட்டுல மூணு போனா அஞ்சு, ஆறுல ரெண்டு போனா நாலு" என்றான். கடன் வாங்கணும்ல என்றேன், திருத்தி 35 என்று எழுதினான், நான் அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டேன். அவ்வளவுதான், இரண்டு நிமிடம்கூட இருக்காது.

அதைப் பயிற்சிக்கு வந்த நான்கு பேருக்குப் போட்டுக் காட்டினேன். முதல் தடவை, "தப்பை உடனே திருத்திட்டீங்க சார்" என்றார்கள். சரி, என்னை விடுங்கள், அந்தப் பையன் சொன்னதை அப்படியே சொல்லுங்கள் என்றேன். ஒருவராலும் முடியவில்லை! திரும்பப் போட்டதும் ஒரு பெண் பிடித்தார்: எந்த எண் மேலே, எந்த எண் கீழே என்றே பார்க்காமல் எப்போதும் பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்கிறான், அவனுக்கென்று ஒரு விதி இருக்கிறது. மூன்றாம் தடவை இன்னொருவர் வீடியோவை நிறுத்தச் சொன்னார். கடன் வாங்கு என்று நான் சொன்ன பிறகு அவன் பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்துத்தான் 35 என்று எழுதுகிறான். வகுப்பில் நின்றுகொண்டிருந்த எனக்கு அது தெரியவே இல்லை. மறுநாள் குச்சிக் கட்டுகளோடு அவனிடம் உட்கார்ந்தேன்.

நேரில் பார்க்கும் வகுப்பு ஓடிக்கொண்டே இருக்கும். நிறுத்தவும் முடியாது, திரும்பப் பார்க்கவும் முடியாது, நாற்பது பேரில் யாரைப் பார்ப்பது என்று புதிதாக வருபவர்களுக்குத் தெரியவும் தெரியாது. வீடியோவில் இரண்டு நிமிடத்தை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசலாம்.

வெளியில் இது பழைய விஷயம்தான். அமெரிக்காவின் மிச்சிகனில் டெபோரா பால் என்ற கணக்கு ஆசிரியை தன் மூன்றாம் வகுப்பில் 1990-இல் எடுத்த ஒரு பதிவில், ஆறு என்பது மூன்று இரண்டுகளால் ஆனது, அதனால் அது இரட்டையாகவும் ஒற்றையாகவும் இருக்கலாம் என்கிறான் ஒரு சிறுவன். அவர் அதைத் தவறு என்று வெட்டாமல் வகுப்பையே பேச விட்டார். அந்தச் சில நிமிடங்களை வைத்து இன்றுவரை ஆசிரியர் பயிற்சியில் விவாதிக்கிறார்கள். 2008-இல் ஜான் ஸ்டார், ஷாரன் ஸ்டிரிக்லண்ட் இருவரும் வெளியிட்ட ஆய்வும் உண்டு: பயிற்சிக்கு வரும்போது வருங்கால ஆசிரியர்களின் கவனிக்கும் திறன் பொதுவாகவே குறைவு, வீடியோ வைத்துப் பழக்கினால், குறிப்பாகப் பாடத்தின் கணக்கையும் ஆசிரியர்-மாணவர் பேச்சையும் கவனிப்பதில், நல்ல முன்னேற்றம் தெரிகிறது.

நம்மிடம் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் (NCTE) 2014 விதிமுறைப்படி பி.எட். மாணவர்கள் இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளியில் இருக்கிறார்கள். அதற்கு முன்பே, முதல் ஆண்டில், வாரம் ஒரு மணி நேரம் தமிழ்வழி வகுப்புகளின் வீடியோத் துண்டுகளைச் சேர்ந்து பார்க்க ஒதுக்குங்கள். ஒத்திகை பார்த்து எடுத்த மாதிரி வகுப்பு வேண்டாம், அதில் எந்தப் பிள்ளையும் தப்புச் செய்யாது. கேமராவைப் பின்னால் வைத்தால் ஆசிரியர் முகமும் பிள்ளைகளின் பின்னந்தலையும்தான் கிடைக்கும், முன்பக்க ஓரத்தில் வையுங்கள். அப்புறம், மின்விசிறிச் சத்தத்தில் பிள்ளைகள் பேச்சு அமுங்கிவிடும், மேசைமேல் ஒரு சின்ன மைக் இருந்தால் போதும். விவாதத்தில் முதல் கேள்வி 'பிள்ளை என்ன சொன்னது, என்ன எழுதியது' என்பதாக இருக்கட்டும், ஆசிரியர் செய்தது சரியா என்பது பிறகு.

இரண்டு விஷயத்தில் கறாராக இருங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் என்பதால் பெற்றோர் ஒப்புதல் எழுத்தில் வேண்டும், பதிவு கல்லூரிக்கு வெளியே, குறிப்பாக வாட்ஸ்அப்பில், போகவே கூடாது. அதேபோல் அதை ஆசிரியரை மதிப்பிடும் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு தடவை அப்படி நடந்தால் அதன் பிறகு எந்த ஆசிரியரும் கதவைத் திறக்க மாட்டார்.

என்னிடம் இப்போது நான்கு துண்டுகள் இருக்கின்றன, கழித்தலில் இரண்டு, பின்னத்தில் இரண்டு. இந்தத் தாளை எடுக்கும் யார் கேட்டாலும், பயிற்சியில் காட்டலாமா என்று அந்தப் பெற்றோர்களிடம் நானே திரும்பப் போய்க் கேட்டு, எழுதி வாங்கித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கணக்கு ஆசிரியர்