கேள்வித்தாளோடு வந்தீர்கள், பதிலோடும் ஒருமுறை வாருங்கள்

கடலூர், புதுச்சேரி பகுதிப் பல்கலைக்கழகங்களிலும் கல்வியியல் கல்லூரிகளிலும் எம்.எட்., பிஎச்.டி. ஆய்வுகளுக்கு வழிகாட்டும் பேராசிரியர்களுக்கும், அந்தத் தலைப்புகளுக்கு ஒப்புதல் தரும் ஆய்வுக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நான் கடலூர் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியர். உங்கள் மாணவர்கள் வருஷா வருஷம் எங்கள் பள்ளிக்குத் தகவல் சேகரிக்க வருகிறார்கள். அனுமதிக் கடிதம் ஒன்று, ஒரு கட்டு ஜெராக்ஸ் கேள்வித்தாள், "ஒரே ஒரு பீரியட் போதும் சார்" என்ற வேண்டுகோள். அவர்கள்மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. பாதிப் பேர் பகலில் தனியார் பள்ளியில் குறைந்த சம்பளத்துக்குப் பாடம் எடுத்துவிட்டு, லீவு போட்டு, பஸ் பிடித்து வருகிற பிள்ளைகள். நான் பேச வேண்டியது உங்களிடம்தான். தலைப்பு, கருவியான கேள்வித்தாள், கால அட்டவணை எல்லாவற்றையும் கடைசியில் முடிவு செய்வது நீங்கள்.

கேட்பது ஒன்றே ஒன்று. எங்கள் பிள்ளைகள் கொடுத்த பதில்களிலிருந்து நீங்கள் என்ன தெரிந்துகொண்டீர்கள் என்பதை எங்களிடம் திரும்ப வந்து சொல்லுங்கள். இத்தனை வருஷத்தில் எங்கள் பள்ளிக்கு அப்படி வந்து சொன்னவர் ஒருவர்கூட இல்லை. ஆய்வேடு ஆங்கிலத்தில் பைண்டாகி நூலகத்துக்குப் போகிறது, பிஎச்.டி. என்றால் ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் ஷோத்கங்கா இணையதளத்தில் ஏறுகிறது. பதில் எழுதிய பதினொன்றாம் வகுப்புப் பெண் அதைப் பார்க்கப் போவதே இல்லை. அவளுக்குப் பாடம் நடத்தும் நாங்களும் பார்ப்பதில்லை.

வகுப்பில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், ஏனென்றால் அந்த நேரத்தில் நீங்கள் அங்கே இருப்பதில்லை. கேள்வித்தாள் கைக்கு வந்ததும் முதல் பெஞ்சில் ஒருத்தி மளமளவென்று டிக் அடிக்க ஆரம்பிக்கிறாள். பக்கத்தில் இருப்பவள் அதைப் பார்த்து அடிக்கிறாள், கொஞ்ச நேரத்தில் அது அப்படியே பின்னால் போகிறது. இது பரீட்சை இல்லை, அவரவர் மனசில் இருப்பதை எழுதுங்கள் என்று ஆய்வு மாணவர் திரும்பத் திரும்பச் சொல்கிறார். ஆனால் வாத்தியார் பக்கத்தில் நிற்கும்போது "என் ஆசிரியர் என் கேள்விகளை வரவேற்கிறார்" என்ற வரிக்கு எதிரே "முற்றிலும் மறுக்கிறேன்" என்று எந்தப் பிள்ளை டிக் அடிக்கும்? பெல் அடிக்கப் போகிறது என்றதும் மிச்சத்தையெல்லாம் ஒரே கட்டத்தில் மேலிருந்து கீழாக அடித்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

இதில் என்னை மிகவும் வருத்துவது, இந்தக் கோளாறு உங்கள் கணக்கில் தெரியவே தெரியாது என்பதுதான். ஒருத்தி எல்லா வரிக்கும் முதல் கட்டம், இன்னொருவன் எல்லா வரிக்கும் மூன்றாவது கட்டம் என்று அடித்து வைத்தால் வரிகளுக்கிடையே ஒத்திசைவு கூடத்தான் செய்யும், அந்த ஒத்திசைவை அளக்கும் குரோன்பேக் ஆல்ஃபா என்ற எண் 0.7ஐத் தாண்டி நன்றாகவே வந்து நிற்கும். கருவி நம்பகமானது என்று எழுதிவிடுவீர்கள். சில வரிகளை எதிர்மறையாக அமைத்தால் இதை ஓரளவு கண்டுபிடிக்கலாம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. முன்னாய்வு என்ற பெயரில் நாலைந்து பிள்ளைகளை உட்கார வைத்து, ஒவ்வொரு வரியையும் படிக்கச் சொல்லி, இதை நீ என்னவென்று புரிந்துகொண்டாய் என்று கேட்டிருந்தால் பாதி வரிகள் அன்றைக்கே போயிருக்கும். "என் அறையில் அமைதியாகப் படிக்க முடிகிறது" என்று ஒரு வரி. ஒற்றை அறையில் ஐந்து பேர் இருக்கிற வீட்டுப் பிள்ளை "சார், என் அறைன்னா?" என்று என்னைக் கேட்டான். அவன் எந்தக் கட்டத்தில் டிக் அடித்தாலும் அது அவனைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

பிள்ளைகளைப் பிரித்து ஒப்பிட நீங்கள் வைக்கும் மாறிகளும் அப்படித்தான். கிராமமா நகரமா, ஆணா பெண்ணா, அரசுப் பள்ளியா தனியாரா. தேவனாம்பட்டினத்து மீனவர் வீட்டுப் பையன் கடலூர் மாநகராட்சிக்குள் இருப்பதால் "நகரம்". அப்பா தொழில் என்ற இடத்தில் அவனுக்குக் கிடைப்பது "சுயதொழில்". ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பள்ளி திறந்து நோட்டு, யூனிஃபார்ம், பஸ் என்று செலவு வருகிற ஜூன் மாதத்தில் அந்த வீட்டில் வருமானம் இருக்காது. பண்ருட்டிப் பக்கம் போனால் வீட்டில் முந்திரிக்கொட்டை உடைத்துவிட்டு வகுப்புக்கு வருகிற பெண்ணின் விரல் நுனி ஓட்டு எண்ணெய் பட்டுத் தோல் உரிந்திருக்கும், பேனா பிடிப்பதே சிரமம். இவை எதற்கும் உங்கள் படிவத்தில் கட்டம் இல்லை. அப்புறம் கிராமப்புற, நகர்ப்புற மாணவர்களிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று முடிவு வருகிறது. வேறுபாடு எங்கே இருக்கிறதோ அங்கே கேட்காமல் அது எப்படித் தெரியும்?

ஆய்வு செய்ய விஷயம் இல்லாத ஊரா இது? கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் பஸ்ஸில் காலையில் ஏறிப் பாருங்கள். தமிழ்நாட்டுப் பக்கம் ரெட்டிச்சாவடியில் ஏறும் பிள்ளையும் புதுச்சேரிப் பக்கம் கிருமாம்பாக்கத்தில் ஏறும் பிள்ளையும் சொந்தக்காரர்களாகக்கூட இருக்கலாம், ஒரே பேச்சு, ஒரே மாதிரி வீடு. 2023-24 கல்வியாண்டில் புதுச்சேரி அரசுப் பள்ளிகளின் மேல்வகுப்புகளும் சி.பி.எஸ்.இ.க்கு மாறின. அதுவரை தமிழ்நாட்டுப் பாடநூலைப் படித்த புதுச்சேரிப் பிள்ளைகள், 2025இல் முதன்முறையாக சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வு எழுதினார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் அதே வயசுப் பிள்ளை பழையபடி மாநிலப் பாடத்திட்டத்தில். ஒரே பின்னணி, வேறு வேறு பாடத்திட்டம்! இப்படி ஓர் ஒப்பீடு எந்த ஆய்வாளருக்கும் எளிதில் அமையாது. எட்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் அறிவியல் படித்தவன் ஒன்பதில் ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்தபோது வகுப்பில் என்ன செய்தான், யாரிடம் போய்க் கேட்டான், எந்த இடத்தில் விட்டுவிட்டான், அவன் ஆசிரியர் எப்படிச் சமாளித்தார்? அந்தப் பிள்ளைகள் இன்னும் பள்ளியிலும் கல்லூரியிலும்தான் இருக்கிறார்கள், நினைவும் பசுமையாக இருக்கிறது. இன்னும் சில வருஷம் போனால் இதை யாரிடமும் கேட்க முடியாது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது, அடுத்த ஓரிரு நாளில் தென்பெண்ணையில் வெள்ளம். புத்தகமும் நோட்டும் நனைந்துபோன பிள்ளைகள் அதற்கடுத்த மாதங்களில் எப்படிப் படித்தார்கள் என்பதும் ஆய்வுதான். இதற்கு முந்நூறு பேர் தேவையில்லை. இருபது பேரிடம் உட்கார்ந்து பொறுமையாகப் பேசினால் போதும். நேர்காணல் ஆய்வுக்கு மதிப்பு குறைவு, புள்ளிவிவர அட்டவணை இருந்தால்தான் வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் கேள்வி வராது என்று உங்கள் மாணவர்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தை நீங்கள்தான் போக்க வேண்டும்.

விதி இடம் கொடுக்காது என்றும் சொல்ல முடியாது. 2022 நவம்பரில் வந்த யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) பிஎச்.டி. விதிமுறைகளில், ஆய்வேட்டைத் தருவதற்கு முன் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எடுக்கப்பட்டுவிட்டது. அந்த உழைப்பில் ஒரு பங்கை எங்கள் பக்கம் திருப்பலாம். பிறர் எழுத்தோடு ஒத்த வரிகள் பத்து சதவீதத்தைத் தாண்டுகிறதா என்று மென்பொருளில் போட்டுப் பார்க்கிறீர்கள், அது சரி. தகவல் கொடுத்த பள்ளிக்கு முடிவுகளைத் தமிழில் எழுதி, நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்ததற்குத் தலைமையாசிரியர் கையெழுத்திட்ட ஒரு தாளையும் ஆய்வேட்டோடு கேளுங்கள். இரண்டு பக்கம் போதும். "இந்தப் பிள்ளைகளுக்கு இது கஷ்டமாக இருக்கிறது, இதை மாற்றிப் பாருங்கள்" என்று ஒரு வரி உருப்படியாகக் கிடைத்தாலும் நான் அடுத்த நாளே வகுப்பில் செய்து பார்ப்பேன்.

இன்னொன்று, பிள்ளைகளிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். கல்வி அலுவலர் அனுமதி, தலைமையாசிரியர் அனுமதி எல்லாம் சரி, எழுத விருப்பமில்லாத பிள்ளை எழுதாமல் இருக்கலாம் என்று யாரும் சொல்வதில்லை.

ஜனவரி, பிப்ரவரியில் அனுப்பாதீர்கள். செய்முறைத் தேர்வும் திருப்புதல் தேர்வும் நடக்கும்போது பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பீரியட் கொடுப்பது எங்களால் ஆகாத காரியம். ஜூலை, ஆகஸ்டில் வந்தால் ஒன்றல்ல, வேண்டிய அளவு பீரியட் தருகிறோம். கேள்வித்தாளை முடிவு செய்வதற்கு முன்பே வரச் சொல்லுங்கள். வகுப்பில் இரண்டு நாள் சும்மா உட்கார்ந்து பார்க்கட்டும், மத்தியானம் பிள்ளைகளோடு சாப்பிடட்டும், அதற்கப்புறம் எதைக் கேட்கலாம் என்று எங்களோடு உட்கார்ந்து பேசட்டும். ஆசிரியர் அறையில் ஒரு மேஜை ஒதுக்கித் தருகிறோம்.

இப்படிக்கு,
கடலூர் மாவட்ட அரசு மேல்நிலைப் பள்ளி முதுகலை ஆசிரியர் ஒருவர்