கடனே என்று செய்வதும் கடன்தான்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் கடமையும் விருப்பமும் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார், ஆனால் தத்துவ அறிஞர் இம்மானுவேல் கான்ட்டை ‘சந்தோஷமாகச் செய்தால் அது அறமே இல்லை என்ற ஜெர்மன்காரர்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டாரே, அது சரியில்லை.

கான்ட் 1785-ல் எழுதிய நூலில் ஒரு கடைக்காரர் வருகிறார். விவரம் தெரியாத சின்னப் பிள்ளை வந்து நின்றாலும் எல்லாருக்கும் சொல்கிற அதே விலைதான். நல்ல மனிதர்தான், ஆனால் பெயர் கெட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்ற கணக்கும் அதில் இருக்கலாம் இல்லையா? அப்புறம் இன்னொருவர். இயல்பிலேயே இரக்கம் உள்ளவர், சொந்தத் துக்கம் ஒன்று வந்து மனதை மூடிவிடுகிறது, யாருடைய கஷ்டமும் உறைக்கவில்லை, அப்போதும் செய்ய வேண்டியது என்பதற்காக மட்டும் எழுந்து போய் உதவுகிறார். இங்கேதான் அந்த உதவிக்கு அறத்தின் மதிப்பு வருகிறது என்கிறார் கான்ட். வெறும் விருப்பத்தால் நடக்கும் உதவிக்குப் பாராட்டு உண்டு, அந்த மதிப்பு இல்லை என்று அவர் சொன்னது உண்மை. கூடவே விருப்பமும் இருந்தால் கெட்டுப்போய்விடும் என்று சொல்லவில்லை. ‘நண்பர்களுக்கு ஆசையாக உதவுகிறேன், ஐயோ, அப்படியானால் நான் நல்லவன் இல்லையே’ என்று கவிஞர் ஷில்லர் அடித்த கிண்டலையே கட்டுரையாளர் தீர்ப்பாக எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது.

இதை நான் ஏன் இவ்வளவு பிடித்துக்கொண்டு பேசுகிறேன் என்றால், என் மாமியார் பக்கவாதத்தில் மூன்று வருடம் படுக்கையில் இருந்தார். அதற்கு முன் எங்களுக்குள் பெரிய ஒட்டுதல் கிடையாது, தெருவுக்கே தெரியும். படுக்கைப்புண் வராமல் இருக்க, ராத்திரியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அலாரம் வைத்து எழுந்து புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். அந்த நேரத்தில் அன்பா பொங்கும்? ஒருநாள் குழறிக் குழறிக் கேட்டார், “கடனேன்னுதானே செய்யறே?”

சுருக்கென்றது. ‘ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே’ என்று புறநானூற்றுத் தாய் நிமிர்ந்து நின்று சொன்ன சொல், எங்கள் வீட்டுக் கட்டிலில் வசவாகியிருந்தது.

ஆனால் அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. மைக்கேல் ஸ்டாக்கர் என்ற தத்துவ அறிஞர் 1976-ல் கிட்டத்தட்ட இதையேதான் எழுதினார். ஆஸ்பத்திரியில் கிடக்கும் உங்களைப் பார்க்க நண்பர் வருகிறார், நீங்கள் நெகிழ்ந்துபோய் நன்றி சொன்னால் ‘என் கடமை, அதனால் வந்தேன்’ என்கிறார், அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே அவ்வளவுதான் என்று தெரிய வரும்போது எப்படியிருக்கும்? இதற்குக் கான்ட் பக்கத்திலிருந்து நான் படித்த பதில் எதுவும் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை.

ஒன்றைத் தவிர. எழுபது வயதைத் தாண்டிய பிறகு, 1797-ல், கான்ட்டே எழுதியது அது: ஏழைகள் இருக்கும் இடங்களையும் நோயாளிகளின் அறைகளையும் கடனாளிகளை அடைத்திருக்கும் சிறைகளையும் ஒதுக்கிவிட்டுப் போகாதே, தேடிப் போ, இரக்கத்தை வளர்த்துக்கொள்வதும் உன் கடமையில் சேர்த்தி. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு நடந்தது இதுதான். முதல் வருடம் அலாரம் எழுப்பியது. அப்புறம், எப்போதிலிருந்து என்று சொல்லத் தெரியவில்லை, அலாரத்துக்கு முன்னாலேயே விழிப்பு வர ஆரம்பித்தது. பிரியமா, பழக்கமா, கேட்காதீர்கள்.

மனமுவந்து செய்யாத சேவை சேவையே இல்லை என்று முடித்திருக்கிறார் கட்டுரையாளர். இந்த ராத்திரியில் எத்தனை வீடுகளில் யார் யார் மனமுவக்காமல் எழுந்து மூத்திரத் துணி மாற்றுகிறார்களோ, அவர்களுக்கு உங்கள் பத்திரிகை படிக்க நேரம் இருக்காது, அந்த மட்டில் நல்லது.

ஒரு வாசகி,
கும்பகோணம்