சான்றிதழ் வேறு, பிஎம்பி வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

பதினான்கு வருடம் கட்டட சைட்டில் சூப்பர்வைசராக இருந்துவிட்டு, போன மாதம்தான் ஒரு கல்லூரியின் தொடர்கல்விப் பிரிவில் திட்ட மேலாண்மைச் சான்றிதழ் படிப்பை முடித்தேன். சிமெண்ட் தூசியோடு மாலை வகுப்புக்கு ஓடியது வீண் போகவில்லை. எந்த வேலை ஒரு நாள் தள்ளினால் மொத்தக் கட்டடமும் தள்ளும், எது தள்ளினால் பாதகமில்லை என்று கணக்குப் போடும் கிரிட்டிக்கல் பாத் முறை ஒன்றுக்கே கட்டிய பணம் தகும்.

ஆனால் சேரும்போது, இதை முடித்தால் பிஎம்பி என்ற திட்ட மேலாளர் தகுதி கிடைத்துவிடும் என்றார்கள். அப்படி இல்லை. பிஎம்பி என்பது அமெரிக்காவின் பிஎம்ஐ அமைப்பு தனியாக நடத்தும் தேர்வு. அதற்கு 35 மணி நேரப் பயிற்சி, அதோடு திட்டங்களை நடத்திய பல வருட அனுபவமும் காட்ட வேண்டும். வகுப்பு அந்த 35 மணி நேரத்துக்குத்தான் கைகொடுக்கும். தேறிய பிறகும் 3 வருடத்துக்கு ஒருமுறை 60 பிடியூ, அதாவது தொழில் வளர்ச்சிப் புள்ளிகள், சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும். அனுபவம் இல்லாத பிள்ளைகள் 23 மணி நேரப் பயிற்சியோடு அதே அமைப்பின் சிஏபிஎம் என்ற தொடக்கநிலைத் தேர்வு எழுதலாம், அதையும் யாரும் சொல்வதில்லை.

என்னோடு படித்த ஒரு பெண் நகையை அடகு வைத்துச் சேர்ந்தவர், கடைசி வாரம்தான் இது அவருக்குத் தெரிந்தது. இதை விளம்பரத்திலேயே தெளிவாகப் போடச் சொல்லி நீங்களும் எழுதுங்கள் ஐயா.

ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்